அதிவேக ரயில் பெட்டிகள்: உள்ளே என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குச் செல்லும் எல்லோரும் முதலில் கேட்பது "பிராசசர் என்ன வேகம்?" என்பதுதான். கேபினட் எப்படி, பவர் சப்ளை எப்படி, உள்ளே காற்று ஓட வழி இருக்கிறதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வீட்டிற்கு வந்து ஒரு கோடைக்காலம் கழிந்த பிறகுதான், வேகமான பிராசசர் நன்றாக வேலை செய்ய இவை எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பது நமக்குப் புரிகிறது.

ரயில் விஷயத்திலும் இதே கதைதான். புல்லட் ரயில் என்றதும் "எவ்வளவு வேகம்?" என்று கேட்கிறோம். ஆனால் நாம் உட்கார்ந்து போவது பெட்டியில். மணிக்கு 300 கி.மீ. வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 83 மீட்டர். நீங்கள் ஒருமுறை இமைப்பதற்குள் ரயில் ஒரு பெட்டியின் நீளத்தைத் தாண்டிவிடும். அந்த வேகத்திலும் காபி கோப்பை கவிழாமல், காது அடைக்காமல், தூங்குபவர் தூக்கம் கெடாமல் போக வேண்டும். அதைவிட முக்கியமாக, ஏதாவது தவறு நடந்தால் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வேண்டும். இதற்காகப் பல நாடுகளின் பொறியாளர்கள் பெட்டிகளில் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

எது அதிவேக ரயில்?

இதற்கென்றே போடப்பட்ட புதிய பாதையில் மணிக்கு 250 கி.மீ. அல்லது அதற்கு மேலும், மேம்படுத்தப்பட்ட பழைய பாதையில் சுமார் 200 கி.மீ. வேகத்திலும் செல்லும் ரயிலைப் பொதுவாக அதிவேக ரயில் என்கிறார்கள். முதலில் களத்தில் இறங்கிய நாடு ஜப்பான். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷிங்கன்சென் ஓடத் தொடங்கியது. அதன் வேகம் மணிக்கு 210 கி.மீ. அடுத்து 1981ல் பிரான்ஸின் டி.ஜி.வி., 1991ல் ஜெர்மனியின் ஐ.சி.இ., 1992ல் ஸ்பெயினின் ஆவே என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. தாமதமாகத் தொடங்கிய சீனாவில்தான் இன்று உலகிலேயே மிக நீளமான அதிவேகப் பாதை உள்ளது. அங்கு 2017ல் அறிமுகமான ஃபூஷிங் ரயில்கள் மணிக்கு 350 கி.மீ. வேகத்தில் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன.

இஞ்சின் எங்கே?

நமக்குப் பழக்கமான ரயிலில் முன்னால் ஒரு இஞ்சின் இருக்கும். அது பெட்டிகளை இழுத்துச் செல்லும். பெட்டிகளுக்குச் சொந்தமாக இழுவிசை கிடையாது. ஷிங்கன்சென்னின் முதல் ரயிலான 0 வரிசையில் தனி இஞ்சினே இல்லை. அதன் 12 பெட்டிகளில் ஒவ்வொன்றின் தரைக்கு அடியிலும் நான்கு மோட்டார்கள் இருந்தன. ஒரு மோட்டாரின் திறன் 185 கிலோவாட். ஆக மொத்தம் 48 மோட்டார்கள் சேர்ந்து ரயிலை ஓட்டின.

ஒரே ஒரு பெரிய பிராசசருக்குப் பதிலாகப் பல கோர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது போன்றது இது. இதில் மூன்று நன்மைகள் உண்டு. முதலாவது, கனமான இஞ்சின் இல்லாததால் தண்டவாளத்தின் ஒரே இடத்தில் அதிக எடை அழுத்துவதில்லை. இரண்டாவது, எல்லாச் சக்கரங்களும் உந்துவதால் ரயில் சீக்கிரம் வேகம் பிடிக்கும். பிரேக் போடும்போது அதே மோட்டார்கள் ஜெனரேட்டராக மாறி ரயிலை நிறுத்தவும் உதவும். மூன்றாவது, ஒரு மோட்டார் பழுதானாலும் மற்றவை வண்டியைக் கொண்டு சேர்த்துவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் சென்றார்கள். டி.ஜி.வி. ரயிலின் இரு முனைகளிலும் ஒவ்வொரு இஞ்சின் உண்டு. நடுவில் உள்ள பெட்டிகளில் மோட்டார் இல்லாததால் அவை அமைதியாக இருக்கும். பழுது பார்க்க வேண்டிய கருவிகளும் ஓரிடத்தில் இருக்கும். ஜெர்மனியின் முதல் ஐ.சி.இ. ரயிலும் இப்படித்தான் இருந்தது. ஆனால் 2000ஆம் ஆண்டில் வந்த ஐ.சி.இ. 3ல் ஜெர்மானியர்கள் மோட்டார்களைப் பெட்டிகளின் தரைக்கு அடியில் கொண்டு போய்விட்டார்கள். இதனால் ரயிலின் முன்முனையிலும் பயணிகள் அமர இடம் கிடைத்தது. அங்கே உட்கார்ந்தால் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள கண்ணாடி வழியாகப் பாதையையே பார்த்துக்கொண்டு போகலாம்.

பாம்பு போல நெளியும் சக்கரம்

ரயில் சக்கரத்தின் விளிம்பு தட்டையாக இருக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கூம்பின் துண்டு போல, உள்பக்கம் சற்றுப் பெரிதாகவும் வெளிப்பக்கம் சற்றுச் சிறிதாகவும் இருக்கும். இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். வளைவில் திரும்பும்போது அச்சு ஒரு பக்கமாக நகர, வெளிப்புறச் சக்கரம் தன் பெரிய சுற்றளவிலும் உட்புறச் சக்கரம் தன் சிறிய சுற்றளவிலும் உருளும். ஸ்டியரிங் இல்லாமலேயே ரயில் திரும்புவது இதனால்தான்.

ஆனால் நேரான பாதையில் இதே அமைப்பு தொல்லை தரும். அச்சு கொஞ்சம் இடப்பக்கம் போனால் தானே வலப்பக்கம் திரும்பும். திரும்பிய வேகத்தில் நடுக்கோட்டைத் தாண்டிவிடும். மறுபடி இடப்பக்கம் வரும். குறைந்த வேகத்தில் இந்த ஆட்டம் தானாக அடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அடங்காது. ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே போய் ரயிலைத் தண்டவாளத்தை விட்டே தூக்கி எறியலாம். ஜப்பானிய மொழியில் இதற்கு "பாம்பு நெளிவு" என்று பொருள் தரும் பெயர் உண்டு.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் முக்கியமானவர் ததாஷி மட்சுதைரா. இவர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பான் கடற்படை விமானங்களின் சிறகு ஏன் அதிர்ந்து உடைகிறது என்று ஆராய்ந்தவர். போர் முடிந்ததும் ரயில்வே ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். விமானச் சிறகின் அதிர்வுக்கும் ரயில் சக்கரத்தின் நெளிவுக்கும் ஒரே வகைக் கணக்குதான் என்பதைக் கண்டார். சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்தை போகி என்பார்கள். அந்த போகியில் எந்த ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும், ஆட்டத்தை உறிஞ்சும் டாம்ப்பர் எங்கே வேண்டும் என்பதைக் கணக்கிட்டு வைத்ததால்தான் 200 கி.மீ. வேகத்தைத் தாண்ட முடிந்தது. இன்று பெரும்பாலான அதிவேக ரயில் பெட்டிகளுக்கு அடியில் எட்டிப் பார்த்தால், போகிக்கும் பெட்டிக்கும் நடுவே படுத்த நிலையில் பொருத்தப்பட்ட டாம்ப்பர்களைக் காணலாம்.

சக்கரத்தைப் பங்கு போடும் பெட்டிகள்

சாதாரணமாக ஒரு பெட்டிக்கு இரண்டு போகிகள் இருக்கும். டி.ஜி.வி. ரயிலில் இரண்டு பெட்டிகள் சந்திக்கும் இடத்தில் ஒரே போகி. அதன் மேல் இரண்டு பெட்டிகளின் முனைகளும் உட்கார்ந்திருக்கும். இதனால் போகிகளின் எண்ணிக்கையும் எடையும் குறையும். சக்கரச் சத்தம் இருக்கைகளுக்கு அடியில் இல்லாமல் பெட்டிகளின் இணைப்புக்கு அடியில் ஒதுங்கும். பெட்டி நீளமாக இருந்தால் வளைவில் நடுப்பகுதி பாதையை விட்டு அதிகம் விலகும் என்பதால், இந்தப் பெட்டிகளை 18.7 மீட்டர் நீளத்தில் குட்டையாகச் செய்தார்கள். ஜெர்மனியின் முதல் ஐ.சி.இ. பெட்டிகள் தனித்தனி போகிகளோடு 26.4 மீட்டர் நீளம் கொண்டவை.

இந்த இணைப்பு முறையின் அருமை 1993ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி தெரிந்தது. வடக்கு பிரான்ஸில் மணிக்கு 294 கி.மீ. வேகத்தில் வந்த டி.ஜி.வி. ரயிலுக்கு அடியில் பாதையே உள்வாங்கியது. முதல் உலகப் போரில் வெட்டப்பட்ட பதுங்குகுழிகள் மண்ணுக்கு அடியில் மறைந்திருந்து, மழையில் சரிந்ததே காரணம். பின்பகுதிப் பெட்டிகள் தடம் புரண்டன. ஆனால் ரயில் கவிழவில்லை, ஒருவரும் இறக்கவில்லை. பெட்டிகள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்திருந்ததால் மடிந்து குறுக்கே விழாமல் நேராகவே சறுக்கி நின்றன.

இதிலும் ஒரு குறை உண்டு. ஒரு பெட்டி மட்டும் பழுதானால் அதைக் கழற்றி வேறொன்றை எளிதில் மாட்ட முடியாது. 1994ல் லண்டனையும் பாரிஸையும் இணைத்த யூரோஸ்டாருக்கு இது பெரிய பிரச்சினையாக இருந்தது. கடலுக்கு அடியில் உள்ள சுரங்கத்தில் தீப்பிடித்தால் எரியும் பகுதியை விட்டுவிட்டுப் பயணிகளை மீட்க வேண்டுமே! எனவே 18 பெட்டிகளை ஒன்பது ஒன்பதாக இரண்டு பாதிகளாக அமைத்து, நடுவில் மட்டும் பிரியும்படி செய்தார்கள். ஒரு பாதியைச் சுரங்கத்திலேயே விட்டுவிட்டு மறுபாதி வெளியேறலாம்.

காது அடைப்பது ஏன்?

சைக்கிள் பம்பின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். உள்ளே காற்றழுத்தம் ஏறுவது தெரியும். வேகமாகச் சுரங்கத்திற்குள் நுழையும் ரயிலும் இப்படித்தான் முன்னால் உள்ள காற்றை அழுத்துகிறது. எதிர்த்திசையில் இன்னொரு ரயில் வந்தால் அழுத்தம் ஏறி இறங்குவது இன்னும் கடுமையாக இருக்கும். பெட்டியில் இடுக்கு இருந்தால் இந்த மாற்றம் நேராக நம் காதில் அறையும்.

ஆகவே அதிவேக ரயில் பெட்டியை விமானம் போலக் காற்றுப் புகாதபடி மூடுகிறார்கள். கதவு மூடிய பிறகு அது சட்டத்தோடு இறுக அழுத்தப்படும். ஜன்னல்கள் திறக்காது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உள்ள நடைபாதையும் மூடியிருக்கும். சரி, மூச்சு விடக் காற்று வேண்டாமா? வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. சுரங்கம் வரும்போது காற்றுத் துளைகளைச் சில நொடிகள் மூடிவிடுவது ஒன்று. வெளியே அழுத்தம் எப்படி மாறினாலும் உள்ளே வரும் காற்றின் அளவு மாறாதபடி வலுவான மின்விசிறிகளை ஓட விடுவது மற்றொன்று.

சுரங்கத்திற்கு வெளியேயும் ஒரு தொல்லை உண்டு. ரயில் நுழையும்போது எழும் அழுத்த அலை சுரங்கத்தின் மறுமுனையில் வெடிச் சத்தமாக வெளிப்படும். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? அதனால்தான் ஜப்பானில் 1997ல் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலுக்கு 15 மீட்டர் நீளமான கூர்மூக்கு வைத்தார்கள். அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான எய்ஜி நகாட்சு பறவைகளைக் கவனிப்பதில் ஆர்வம் உள்ளவர். தண்ணீரில் அதிகம் தெறிக்காமல் பாயும் மீன்கொத்தியின் அலகைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது. ஆனால் அந்த மூக்கிற்காக முதல் பெட்டியில் சில வரிசை இருக்கைகளை இழக்க வேண்டி வந்தது.

எடையைக் குறைத்த அட்டைப் பெட்டி வித்தை

உங்கள் கம்ப்யூட்டர் வந்த அட்டைப் பெட்டி இன்னும் வீட்டில் இருந்தால் அதன் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே அலை அலையாக இன்னொரு தாள் ஒட்டியிருக்கும். மூன்றும் மெல்லிய தாள்கள்தான். ஆனால் சேர்ந்தால் மானிட்டரையே தாங்கும். இன்றைய அதிவேக ரயில் பெட்டிகளின் சுவர் பெரும்பாலும் இதே முறையில் அலுமினியத்தில் செய்யப்படுகிறது. வெளித்தகடு, உள்தகடு, நடுவே முக்கோண முக்கோணமாகத் தாங்கிகள். ஜப்பானில் 1999ல் வந்த 700 வரிசையில் இம்முறை பயன்பட்டது. இதனால் பெட்டி லேசாகவும் விறைப்பாகவும் இருக்கும். வெளிச் சத்தமும் குறையும்.

எடை குறைய வேண்டிய அவசியம் என்ன? கனமான ரயில் தண்டவாளத்தைச் சீக்கிரம் கெடுக்கும், நிலத்தையும் அருகிலுள்ள வீடுகளையும் அதிரச் செய்யும், மின்சாரமும் அதிகம் தின்னும். இரும்பால் ஆன 0 வரிசையின் 16 பெட்டி ரயில் சுமார் 970 டன். 1992ல் அலுமினியத்தில் வந்த 300 வரிசையின் 16 பெட்டி ரயில் சுமார் 710 டன்தான்.

பிரான்ஸில் ஓர் அச்சின் மீது 17 டன்னுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது விதி. இந்த எல்லைக்குள் நின்றுகொண்டே 1990களின் நடுவில் இரண்டு மாடி கொண்ட டி.ஜி.வி. டூப்ளெக்ஸ் பெட்டிகளைச் செய்தார்கள். பெட்டியை மட்டுமல்ல, இருக்கைகளையும் எடை பார்த்துப் பார்த்துக் குறைத்தார்கள். அதே ரயில் நீளத்தில் 500 பேருக்கு மேல் உட்கார முடிந்தது. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி மணிக்கு 574.8 கி.மீ. வேகம் தொட்டு உலக சாதனை படைத்த சோதனை ரயிலிலும் இந்த மாடிப் பெட்டிகளே இருந்தன.

சாயும் பெட்டி, அகலம் மாறும் சக்கரம்

சைக்கிளில் வேகமாக வளைவில் திரும்பும்போது நாம் உள்பக்கம் சாய்கிறோம் அல்லவா? அதையே ரயில் பெட்டிக்குச் செய்ய வைத்தார்கள் இத்தாலியர்கள். 1988ல் ஓடத் தொடங்கிய பெண்டலினோ, பழைய வளைந்த பாதைகளிலும் வேகத்தை அதிகம் குறைக்காமல் சென்றது. முதல் பெட்டியில் உள்ள சென்சார்கள் வளைவு தொடங்குவதை உணர்ந்து, எப்போது எவ்வளவு சாய வேண்டும் என்று பின்னால் வரும் பெட்டிகளுக்குத் தகவல் அனுப்பும். ஜப்பானில் 2007ல் வந்த என் 700 வரிசை ரயில் ஏர் ஸ்பிரிங் உதவியால் வெறும் 1 டிகிரி மட்டுமே சாய்கிறது. ஆனால் அந்த ஒரு டிகிரியே, முந்தைய ரயில்கள் வேகம் குறைக்க வேண்டியிருந்த வளைவுகளை மணிக்கு 270 கி.மீ. வேகத்தில் கடக்கப் போதுமானதாக இருந்தது.

ஸ்பெயினின் டால்கோ பெட்டிகள் தனி ரகம். நீளம் சுமார் 13 மீட்டர்தான். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரே ஒரு ஜோடிச் சக்கரம். அந்த இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு கிடையாது. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுழலும். அச்சு இல்லாததால் மேலே சொன்ன பாம்பு நெளிவும் இல்லை. இன்னொரு பயனும் உண்டு. ஸ்பெயினின் பழைய பாதை 1,668 மி.மீ. அகலம், அதிவேகப் பாதை 1,435 மி.மீ. அகலம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ரயில் மெதுவாக ஒரு கொட்டகை வழியாகச் செல்லும். சக்கரங்களின் பூட்டுத் திறந்து, அவை உள்ளே அல்லது வெளியே நகர்ந்து, மறுபடி பூட்டிக்கொள்ளும். பயணிகள் இருக்கையை விட்டு எழ வேண்டியதே இல்லை.

பெட்டிகளுக்கு இடையே ஒரு நெட்வொர்க்

பென் டிரைவைச் செருகியதும் கம்ப்யூட்டர் தானே அதைக் கண்டுபிடித்து ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரயில் பெட்டிகளும் இப்படிப் பேசிக்கொள்கின்றன. இதற்கென்று 1999ல் ஒரு சர்வதேசத் தரம் வகுக்கப்பட்டது. இதில் இரண்டு அடுக்குகள். ஒரு பெட்டிக்குள் உள்ள கதவு, பிரேக், ஏ.சி. ஆகியவற்றை இணைப்பது ஒன்று. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே ஓடுவது மற்றொன்று. பெட்டிகளுக்கு இடையே உள்ள நெட்வொர்க்கின் வேகம் விநாடிக்கு 1 மெகாபிட்தான். உங்கள் வீட்டு இன்டர்நெட் இதைவிடப் பல மடங்கு வேகமானது. ஆனால் இங்கே தேவை வேகம் அல்ல. சொன்ன நேரத்திற்குள் தகவல் கட்டாயம் போய்ச் சேர வேண்டும் என்பதே.

பெட்டிகளை இணைத்ததும் இந்த நெட்வொர்க் முதலில் செய்வது, எந்தப் பெட்டி எத்தனையாவது என்று எண் கொடுப்பது. அடுத்து, ஒவ்வொரு பெட்டியும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. இது எதற்கு? ஒரு பெட்டியைத் திருப்பிப் போட்டு இணைத்திருந்தால் அதன் இடது கதவு இப்போது வலப்பக்கம் இருக்கும். "இடது கதவைத் திற" என்று ஓட்டுநர் ஆணையிட்டால், அந்த ஒரு பெட்டியில் மட்டும் பிளாட்பாரம் இல்லாத பக்கம் கதவு திறந்துவிடும்! அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. புதிய ரயில்களில் இந்த வேலையை நம் வீட்டில் பயன்படும் ஈதர்நெட் வகை நெட்வொர்க்குகள் செய்யத் தொடங்கியுள்ளன.

ஒரு சின்ன பேட்ச், ஒரு பெரிய விபத்து

இதுவரை வெற்றிகளைப் பார்த்தோம். சாப்ட்வேர் எழுதுபவர்களும் அதைப் பயன்படுத்துபவர்களும் மறக்கக் கூடாத ஒரு தோல்வியையும் பார்த்துவிடுவோம்.

1991ல் ஜெர்மனியில் ஐ.சி.இ. ரயில்கள் ஓடத் தொடங்கியதும் ஒரு புகார் வந்தது. சில வேகங்களில் பெட்டி அதிர்ந்தது. உணவுப் பெட்டியில் தட்டுகளும் கண்ணாடி டம்ளர்களும் கலகலத்தன. முதலில் இருந்தவை ஒரே வார்ப்பில் செய்த எஃகுச் சக்கரங்கள். அதிர்வைக் குறைக்க, சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் வெளி வளையத்திற்கும் இடையே ரப்பர் வைத்த சக்கரங்களைப் பொருத்தினார்கள். இந்த வகை மெதுவாக ஓடும் டிராம்களில் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தது. அதிர்வு நின்றது. எல்லோருக்கும் திருப்தி.

ஆனால் ரப்பரின் மேல் இருக்கும் எஃகு வளையம் ஒவ்வொரு சுற்றிலும் மிக மிகக் கொஞ்சமாக வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும் அல்லவா? அதேதான். வளையம் தேயத் தேய இந்த வளைவு அதிகமாகும். விரிசல் உள்பக்கம் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

1998ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி, எஷெடே என்ற ஊரை மணிக்கு சுமார் 200 கி.மீ. வேகத்தில் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஐ.சி.இ. ரயிலின் முதல் பெட்டியில் இந்த வளையம் உடைந்தது. அதன் துண்டு தரையைப் பிளந்துகொண்டு பயணிகளின் இருக்கைகளுக்கு நடுவே நீட்டியது. பார்த்த பயணி ஒருவர் ஓடிப் போய் ரயில் ஊழியரிடம் சொன்னார். ஊழியர் விதிப்படி முதலில் நேரில் பார்ப்பதற்காகக் கிளம்பினார். அதற்குள் ரயில் பாதை மாற்றும் இடத்தை அடைந்துவிட்டது. தொங்கிக்கொண்டிருந்த வளையம் அங்கே சிக்க, பெட்டிகள் தடம் மாறி, மேலே சென்ற சாலைப் பாலத்தின் தூண்களில் மோதின. பாலம் இடிந்து பெட்டிகளின் மேல் விழுந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக மடிந்து நொறுங்கின. 101 பேர் இறந்தார்கள்.

மீட்க வந்தவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. சுரங்கத்தின் காற்றழுத்தத்தைத் தாங்குவதற்காக அவ்வளவு வலுவாகச் செய்த ஜன்னல்களை உடைத்து உள்ளே போக முடியாமல் திணறினார்கள். விபத்திற்குப் பின் இந்த வகைச் சக்கரங்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு மீண்டும் ஒரே வார்ப்புச் சக்கரங்களைப் பொருத்தினார்கள். அவசரத்தில் உடைக்கக் கூடிய ஜன்னல்களும் வைக்கப்பட்டன.

என் துறையில் இதை தினமும் சிறிய அளவில் பார்க்கிறேன். ஒரு சின்னக் குறையைச் சரி செய்ய ஒரு பேட்ச் போடுவோம். அந்தக் குறை போய்விடும். எங்கோ ஒரு மூலையில் வேறொன்று கெட்டுப்போயிருக்கும். "தட்டு கலகலப்பது நின்றதா?" என்று மட்டும் சோதித்தால் போதாது, "இந்த மாற்றத்தால் வேறு எது பாதிக்கப்படும்?" என்றும் சோதிக்க வேண்டும். சாப்ட்வேரில் பெரும்பாலும் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம். ரயிலில் அது முடியாது.

சென்னையில் பிறக்கும் பெட்டிகள்

நம் ஊருக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. சென்னை பெரம்பூரில் 1955ல் தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, அதாவது ஐ.சி.எஃப்., பல ஆண்டுகளாக நாம் பயணம் செய்த பெட்டிகளின் பிறந்த வீடு. அந்தப் பழைய வகைப் பெட்டிகளில் ஒரு குறை இருந்தது. மோதல் நடந்தால் ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறிவிடும். 2000ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மன் தொழில்நுட்பத்தோடு வந்த எல்.எச்.பி. பெட்டிகளில், ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதைத் தடுக்கும் இணைப்பும் டிஸ்க் பிரேக்கும் உள்ளன. பழைய வகைப் பெட்டி செய்வதை 2018ல் ஐ.சி.எஃப். நிறுத்திக்கொண்டது.

அதே 2018ல் அங்கே உருவானதுதான் டிரெயின் 18. இன்று வந்தே பாரத் என்ற பெயரில் ஓடுகிறது. டெல்லிக்கும் வாரணாசிக்கும் இடையே 2019 பிப்ரவரியில் முதல் ஓட்டம். இதில் தனி இஞ்சின் கிடையாது. 16 பெட்டிகளில் பாதிப் பெட்டிகளுக்கு அடியில் மோட்டார்கள் உள்ளன. 0 வரிசை ஷிங்கன்சென் காட்டிய வழிதான் இது. இதன் உச்ச வேகம் மணிக்கு 160 கி.மீ. என்பதால் சர்வதேச அளவுகோலின்படி இது அதிவேக ரயில் ஆகாது. அந்த இடத்தை நிரப்ப மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 508 கி.மீ. தூரத்திற்கு ஷிங்கன்சென் முறையில் தனிப் பாதை போடும் பணி நடந்து வருகிறது.

அடுத்த முறை ரயிலில் ஏறும்போது செய்ய வேண்டியவை

1. இரண்டு பெட்டிகளின் இணைப்புக்கு அருகில் நின்று கீழே பாருங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி போகியா, பொதுவானதா என்று தெரியும்.

2. நீங்கள் இருக்கும் பெட்டியில் அவசர ஜன்னல் எது, அதை எப்படித் திறப்பது என்று உட்காரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அதிவேக ரயில் என்றால் கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எங்கே மாட்டியிருக்கிறது என்றும் பாருங்கள்.

3. அசாதாரணமான சத்தமோ, உடைந்த பாகமோ, புகையோ கண்ணில் பட்டால், "நமக்கென்ன" என்று இருக்காமல் உடனே ஊழியரிடம் சொல்லுங்கள். ஆபத்து கண்கூடாகத் தெரிந்தால் அபாயச் சங்கிலி அதற்காகத்தான் இருக்கிறது.

4. வீட்டிற்குத் திரும்பியதும், கம்ப்யூட்டரில் ஏதாவது அப்டேட் போடும் முன் முக்கியமான ஃபைல்களை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.